பசித்த வேர்தான் கூப்பிடும்



பங்குனி வெயில் ஏறிவிட்டது. மரக்கன்று நாற்றங்கால் போடுகிறவர்கள் பை, மண், எரு என்று ஏற்பாடு செய்யும் நேரம் இது. அதனால் இந்த முறை வந்த கேள்விகளில் கன்று பற்றிய ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பதில் கொஞ்சம் நீளம். கடன் வாங்கி நாற்றங்கால் போடுகிறவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

கேள்வி: நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். என் அப்பா வழியில் சாத்தான்குளம் பக்கம் தேரி ஓரமாக ஒன்றரை ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. மகளிர் குழுவில் கடன் எடுத்து, ஐந்து பேர் சேர்ந்து 200 புளிக்கன்றும் 100 முந்திரிக்கன்றும் பையில் வளர்த்தோம். வேர் நன்றாகப் பிடிக்கும் என்று கடையில் சொன்னதால் ‘வேம்’ பாக்கெட் வாங்கிப் போட்டோம். டி.ஏ.பி.யும் போட்டோம். பையில் இருக்கும்போது கன்று பச்சைப் பசேல் என்று இருந்தது. தேரியில் நட்ட பிறகு மாசி முடிவதற்குள் பாதி காய்ந்துவிட்டது. கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபடி முயற்சி செய்வதா, விட்டுவிடுவதா? அந்தப் பாக்கெட்டில் ஏமாந்துவிட்டோமா?

பதில்: சகோதரி, கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் எழுத மனம் வரவில்லை. அடுத்த வாரமே உங்கள் நிலத்துக்கு வந்து பார்த்தேன். குழுப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். காய்ந்த கன்றுகளில் பத்துப் பன்னிரண்டைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர், பையில் இருந்த உருண்டை வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. சுற்றியிருந்த செம்மணலுக்குள் ஒரு விரல் நீளம்கூட இறங்கவில்லை. “ஏமாத்திட்டானோ சார்?” என்று ஒருவர் கேட்டார். அங்கேயே சொன்னதை இங்கே விவரமாக எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும்.

பாக்கெட்டில் குறை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அதைப் போட்ட நேரமும், போட்ட இடமும், கூடச் சேர்த்த பொருளும்தான் பொருந்தவில்லை. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், அந்தப் பாக்கெட்டில் இருக்கும் பூசணமும் மரத்தின் வேரும் முதன்முதலில் எப்படிச் சந்தித்துக்கொள்கின்றன என்று தெரிய வேண்டும்.

பாக்கெட்டில் இருப்பது என்ன?

கடையில் ‘வேம்’ என்று விற்பதன் தமிழ்ப் பெயர் வேர் உட்பூசணம். பூசணம் என்றாலே நோய் என்று நாம் பயப்படுகிறோம். நாற்றழுகலும் பூசணத்தால் வருகிறது, வேரழுகலும் பூசணத்தால் வருகிறது. ஆனால் இது வேருக்குள் குடியிருந்து வேருக்கே வேலை செய்யும் இனம்.

பூசணத்துக்கும் மர வேருக்கும் இப்படி ஒரு கூட்டு உண்டு என்பதைக் கண்டு, 1885-இல் அதற்கு ‘மைக்கோரைசா’ என்று பெயர் வைத்தவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலார். பூசண வேர் என்று அதற்குப் பொருள். மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த ஒரு காளானைப் பயிரிட வழி கண்டுபிடி என்று அரசாங்கம் அவரிடம் கேட்டிருந்தது. அதைத் தேடிப் போனவர், மர வேர்களின் நுனி பூசண உறை போர்த்தி, நோயில்லாமல் செழிப்பாக இருப்பதைப் பார்த்தார்.

அவர் பார்த்தது வேருக்கு வெளியே உறை போடும் வகை. நம் புளி, முந்திரி, மா, தென்னை, மிளகாய், வெங்காயம், பருத்தி, உளுந்து எல்லாவற்றிலும் இருப்பது வேருக்கு உள்ளே போகும் வகை. நிலத்தில் வளரும் செடி இனங்களில் பெரும்பாலானவை இந்த வகையோடுதான் கூட்டு. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய புதைபடிவச் செடிகளுக்குள்ளும் இதே பூசணத்தின் உருவம் பதிந்திருக்கிறது. அந்தச் செடிகளுக்கு இன்றைய செடிகள் போன்ற வேர்கூடக் கிடையாது.

இந்தக் கூட்டில் கொடுக்கல் வாங்கல் என்ன? மண்ணில் மணிச்சத்து இருந்தாலும் அது நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை எடுத்துவிட்டால் பிறகு அந்த இடம் காலி. உட்பூசணத்தின் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது வேரைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய், வேர் நுழைய முடியாத இடுக்கிலெல்லாம் நுழைந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகிறது. வறட்சியைத் தாங்கவும் உதவுகிறது. பதிலுக்கு, மரம் இலையில் செய்த மாவுப்பொருளில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. கொழுப்பையும் கொடுக்கிறது. இந்தப் பூசணத்துக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்யத் தெரியாது; செடியிடமிருந்துதான் வாங்குகிறது என்பது 2017-இல் தெளிவானது. செடி இல்லையென்றால் அதற்குப் பிழைப்பு இல்லை.

தேரி மணலில் இந்தக் கூட்டு இன்னும் முக்கியம். அங்கே மக்கு கிடையாது, ஈரம் நிற்காது. மணலுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் இரும்பு, இருக்கிற கொஞ்ச மணிச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முதல் சந்திப்பு

உட்பூசணத்தின் வித்து மண்ணில் தூங்கிக் கிடக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஈரமும் சூடும் சரியாக இருந்தால் முளைத்து ஒரு இழையை விடும். அந்த இழை சில சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் வேர் கிடைக்காவிட்டால் வளர்வதை நிறுத்தி, இழைக்குள் இருந்த சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி காத்திருக்கும். கையிருப்பு தீரும் வரை சில முறை இப்படி முயற்சி செய்யும்.

அந்த இழைக்கு வேர் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? வேர்தான் கூப்பிடுகிறது. மணிச்சத்துக்குப் பசி எடுத்த வேர், மண்ணுக்குள் ஒரு பொருளை மிக மிகக் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. அதன் பெயர் ஸ்ட்ரைகோலாக்டோன். அது பட்டதும் பூசண இழை நேராகப் போவதை விட்டு, சரசரவென்று கிளை பிரிந்து வேரைத் தேட ஆரம்பிக்கிறது. வேரின் இந்த அழைப்பு எது என்பதை 2005-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இதில் இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். ஒன்று, அந்தப் பொருள் மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். வேருக்கு மிக அருகில் மட்டுமே அதன் வாசம் இருக்கும். தூரத்தில் கிடக்கும் வித்துக்கு அழைப்பு எட்டாது. இரண்டு, வேருக்குப் பசி இருந்தால்தான் அழைப்பு. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் இந்தப் பொருளைக் கசியவிடுவதைக் குறைத்துவிடும்.

இதை நிலத்தில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் சட்டென்று சொன்னார்: “எங்க தாத்தா முத்து குளிச்ச காலத்துல, அடியில இருக்கிறவரு கயித்தை இழுத்தாத்தான் மேல படகுல இருக்கிறவரு தூக்குவாரு சார். கயித்துல அசைவு இல்லன்னா மேல உள்ளவருக்கு ஒண்ணும் தெரியாது.” 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் நான் பத்து நிமிடம் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வேர்தான் அடியில் இருக்கும் ஆள். கயிற்றை அதுதான் இழுக்க வேண்டும்.

அழைப்புக்குப் பூசணமும் பதில் கொடுக்கிறது. ‘நான் நோய்ப் பூசணம் இல்லை, கூட்டாளி’ என்று அடையாளம் காட்டும் சில பொருள்களை அனுப்புகிறது. அதைப் புரிந்துகொண்ட வேர் தன் காவலைத் தளர்த்திக்கொள்கிறது. உளுந்து, கடலை வேரில் முடிச்சுப் போடும் ரைசோபியத்தை வேர் அடையாளம் காண்பதும் பெரும்பாலும் இதே வழியில்தான்.

பிறகு பூசண இழை வேரின் தோலில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் தட்டையாகப் பருக்கிறது. அப்போதுகூட அது முரட்டுத்தனமாக உடைத்துக்கொண்டு போவதில்லை. தோலுக்கு உள்ளே இருக்கும் வேர்ச் செல், நாலைந்து மணி நேரத்தில் தனக்குள்ளேயே ஒரு சுரங்க வழி தயார் செய்து கொடுக்கிறது. அந்த வழி தயாரான பிறகுதான் இழை உள்ளே போகிறது. இதை இத்தாலியின் டூரின் நகரத்து ஆய்வாளர்கள் 2005-இல் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறந்து வழிகாட்ட, விருந்தாளி உள்ளே வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போன இழை, வேரின் உட்பகுதிச் செல்களில் குட்டி மரம் போலக் கிளை பிரிகிறது. அதற்கு ஆர்பஸ்கியூல் என்று பெயர். சிறு மரம் என்றே பொருள். மணிச்சத்து கைமாறும் இடம் அதுதான். ஒவ்வொரு குட்டி மரமும் சில நாள்தான் உயிரோடு இருக்கும். பழையது மறைய, புதிய செல்லில் புதியது வரும். அதனால் இந்த உறவு ஒரு தடவை ஏற்படுத்திவிட்டு மறந்துவிடும் உறவு இல்லை. வேர் வளர வளரப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் கன்றில் நடந்தது

இப்போது உங்கள் நாற்றங்காலுக்கு வருவோம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நாலு தவறுகள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, டி.ஏ.பி. அதில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து. பைக்குள் அதைப் போட்டதும் வேருக்குப் பசி போய்விட்டது. இலை பச்சைப் பசேல் என்று வந்தது. அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். வேர் கூப்பிடவில்லை. பூசணம் வரவில்லை. டி.ஏ.பி. கிடைக்காத தேரிக்குப் போனதும் கன்று தனியாக நின்றது.

இரண்டாவது, பூசணத்தைப் போட்ட இடம். கன்று இரண்டு மாதம் ஆன பிறகு, பையின் மேல்மண்ணில் தூவித் தண்ணீர் ஊற்றினீர்கள். வேரோ கீழே இருந்தது. மேலே கிடந்த வித்துக்கு அழைப்பு எட்டும் தூரம் இல்லை. வெயில் வேறு.

மூன்றாவது, நாற்றழுகல் வந்தபோது கார்பென்டாசிம் கரைசலை எல்லாப் பையிலும் ஊற்றியது. பூசணக்கொல்லிக்கு நல்ல பூசணம், கெட்ட பூசணம் தெரியாது. கார்பென்டாசிம் உட்பூசணத்தையும் பாதிக்கும்.

நாலாவதுக்கும் பூசணத்துக்கும் தொடர்பு இல்லை. நீங்கள் நட்டது கார்த்திகை கடைசியில். ஐப்பசி மழையில் நட்டிருந்தால் வேர் இறங்க இரண்டு மாத ஈரம் கிடைத்திருக்கும். மழை முடியும் நேரத்தில் நட்டால், எந்தப் பூசணம் இருந்தாலும் தேரி மணலில் கன்று பிழைப்பது கஷ்டம். இதை மறைத்துவிட்டுப் பூசணத்தை மட்டும் பேசினால் நான் உங்களுக்கு உண்மை சொன்னவன் ஆக மாட்டேன். உட்பூசணம் தண்ணீருக்கு மாற்று கிடையாது.

வரப்போரத்தில் பழைய உடை மரங்களுக்கு அருகே நட்ட கன்றுகள் மட்டும் தளிர் விட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அந்த மரங்களின் வேரில் ஏற்கெனவே உட்பூசணம் இருக்கும். அதன் இழை பக்கத்துக் கன்றின் வேருக்கும் போயிருக்கலாம். நிழலும் சருகும் உதவியிருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை நடும்போது அந்த வரிசையிலிருந்து தொடங்குங்கள். பழைய மரத்தை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு நடாதீர்கள்.

நானும் செய்த தவறு

உங்களுக்கு மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயியின் மிளகாய் நாற்றங்காலுக்கு நானே பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். சூப்பர் பாஸ்பேட்டும் உட்பூசணமும் ஒன்றாகக் கலந்து மேலே தூவச் சொன்னேன். பாக்கெட்டுகள் அதற்கு முன் இரண்டு வாரம் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தவை. பலன் எதுவும் தெரியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. “சரி சார், அடுத்த வருஷம் பாப்போம்” என்றார். அடுத்த வருடம் அவர் வாங்கவில்லை. அவர் காசு போனது என் அரைகுறைப் படிப்பால். அதன் பிறகு எந்தப் பாக்கெட்டைப் பரிந்துரைத்தாலும், எங்கே போட வேண்டும், எதோடு போடக்கூடாது என்று சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தச் சித்திரையில் செய்ய வேண்டியது

விட்டுவிட வேண்டாம். ஆனால் மறுபடி 300 கன்றுக்குப் போகவும் வேண்டாம். செத்த கன்றுகளுக்கு ஈடாக 150 மட்டும் வளருங்கள். கூடுதல் கடன் தேவைப்படாது.

1. புளி விதையைச் சித்திரையிலும், முந்திரியை ஆனியிலும் பையில் ஊன்றுங்கள். ஐப்பசி முதல் மழைக்கு நடத் தயாராக இருக்கும்.

2. பை நிரப்பும் கலவையில் மண், மணல், நன்றாக மக்கிய தொழுஉரம் போதும். டி.ஏ.பி., சூப்பர் வேண்டாம். தொழுஉரத்தில் இருப்பதே அந்த வயதுக்குப் போதும். இலை கொஞ்சம் வெளிறித் தெரிந்தால் பதறாதீர்கள்.

3. உட்பூசணத்தை விதை ஊன்றும் அன்றே போட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஒரு பைக்கு 5 முதல் 10 கிராம். உங்கள் 150 பைக்கு ஒன்றரைக் கிலோ போதும். பையில் விதைக்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே ஒரு படலமாகப் போட்டு, மேலே மண் மூடி, விதையை ஊன்றுங்கள். இறங்கும் வேர் அதைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கலவையோடு மொத்தமாகக் கலப்பதானால் 1000 கிலோ கலவைக்கு 10 கிலோ.

4. பாத்தியில் நாற்று விடுகிறவர்கள் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் போடலாம். நாற்றங்காலில் போடத் தவறியவர்கள் நடும்போது குழியில் கன்றுக்கு 20 கிராம், வேரில் படும்படி போடலாம். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம், உறிஞ்சு வேர் இருக்கும் இடத்தைக் கிளறி இட வேண்டும். ஆனால் நாற்றங்காலில் இடுவதுதான் செலவும் குறைவு, பலனும் அதிகம்.

5. பூசணக்கொல்லி ஊற்றும் நிலைமையே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றழுகலுக்குப் பாதிக் காரணம் அளவுக்கு மீறிய தண்ணீர். பையின் அடியில் துளை அடைபடாமல் இருக்கட்டும். மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா சேர்த்து இடுவதில் தடை இல்லை.

6. பாக்கெட் வாங்கும்போது தயாரித்த தேதி, காலாவதி தேதி பாருங்கள். வீட்டில் நிழலான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். உர மூட்டை மேல் வைக்காதீர்கள்.

7. வல்லநாடு அருகே கிள்ளிகுளத்தில் நம் மாவட்டத்து வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. உட்பூசணம் வேருக்குள் போயிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது; வேரைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஐப்பசிக்கு முன் நாலைந்து கன்றின் நுனி வேரை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கேட்டுப் பாருங்கள்.

பாக்கெட் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி. நோயில்லாத, வயதான புளி மரத்தடியில் சருகை ஒதுக்கி, மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை நுனி வேரோடு வெட்டி எடுங்கள். அதைத் தொட்டியில் பரப்பி மக்காச்சோளமோ சோளமோ விதைத்து 60 நாள் வளர்த்தால், அந்த வேரில் உட்பூசணம் பெருகும். பிறகு தண்ணீரை நிறுத்தி, தட்டையை அறுத்துவிட்டு, வேரைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணோடு சேர்த்துப் பையில் இடலாம். வேரழுகல், நூற்புழு உள்ள இடத்து மண்ணை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நல்லதோடு கெட்டதும் வந்து சேரும்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: மழை விட்டதும் மரத்தடியில் காளான் முளைக்கிறதே, அதைப் பொடி செய்து போட்டால் உட்பூசணம் ஆகுமா? (உடன்குடி வாசகர்)

பதில்: ஆகாது. நம் புளி, முந்திரியோடு கூட்டு வைக்கும் உட்பூசணம் குடைக்காளான் விடுவதே இல்லை. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மக்கிய கட்டையைத் தின்னும் காளான். வேருக்கு வெளியே உறை போடும் வகைதான் காளான் விடும். நீலகிரியில் பைன் மரங்களுக்குக் கீழே முளைப்பவற்றில் பல அந்த வகை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பைனுக்கு அந்தப் பூசணம் இல்லாமல் வாழ்வே கிடையாது. போர்ட்டோ ரிக்கோ தீவில் 1930-களிலிருந்து பைன் நட்டு நட்டுப் பார்த்தார்கள். கன்றுகள் மஞ்சளாகிச் செத்தன. 1955-இல் அமெரிக்காவின் பைன் காட்டிலிருந்து பூசணம் உள்ள மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் பிழைத்தன. மரத்தை மட்டும் கொண்டுபோனால் போதாது, அதன் கூட்டாளியையும் கொண்டுபோக வேண்டும் என்பது அந்த அனுபவம்.

கேள்வி: எங்கள் மானாவாரிச் சோளத்தில் சுடுமல்லி வருகிறது. உங்கள் உட்பூசணத்தால் அது குறையுமா? (விளாத்திகுளம் வாசகர்)

பதில்: நீங்கள் தெரிந்து கேட்டீர்களோ, தற்செயலாகக் கேட்டீர்களோ, இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வேர் பூசணத்தைக் கூப்பிடக் கசியவிடும் அதே பொருளை மோப்பம் பிடித்துத்தான் சுடுமல்லி விதையும் முளைக்கிறது. அந்தப் பொருளுக்குப் பெயரே சுடுமல்லியின் தாவரப் பெயரான ஸ்ட்ரைகாவிலிருந்து வந்தது. 1966-இல் பருத்தி வேரிலிருந்து முதலில் பிரித்தெடுத்தபோது, ஒட்டுண்ணியை முளைக்க வைக்கும் பொருள் என்றுதான் அதை நினைத்தார்கள். நல்ல கூட்டாளியை அழைக்கத்தான் வேர் அதை விடுகிறது என்பது தெரிய இன்னும் 39 ஆண்டுகள் ஆயின. நட்பை அழைக்கிற குரலைத் திருடனும் கேட்டுவிடுகிறான்.

உட்பூசணம் வேரில் குடியேறிய பிறகு வேரின் அழைப்பு குறைகிறது. அதனால் ஓரளவு உதவலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சத்துக் குறைந்த நிலத்தில்தான் சுடுமல்லி அதிகம். தொழுஉரமும் தழைச்சத்தும் சரியாகக் கொடுங்கள். பூக்கும் முன் பிடுங்கி எரித்துவிடுங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை விடும், அது பல ஆண்டு மண்ணில் உயிரோடு கிடக்கும். அடுத்த பருவம் பருத்தி போடுங்கள். பருத்தி வேர் கூப்பிட, சுடுமல்லி முளைக்கும். ஆனால் பருத்தியில் அதனால் ஒட்ட முடியாது, பட்டினியில் செத்துவிடும். கரிசல் காட்டில் சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் இந்த வகையிலும் நல்லதுதான்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்து முள்ளங்கி, முட்டைக்கோஸ், கீரைக்கு உட்பூசணம் போடலாமா? (ஏரல் வாசகி)

பதில்: முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு எல்லாம் ஒரே குடும்பம். அவை இந்தப் பூசணத்தோடு கூட்டு வைப்பதில்லை. பீட்ரூட், பாலக், தண்டுக்கீரையும் பெரும்பாலும் அப்படியே. காசை வீணாக்காதீர்கள். அதே பாக்கெட்டை உங்கள் கத்தரி, மிளகாய், வெண்டை நாற்றுக்குப் போடுங்கள்.

கேள்வி: அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய மேட்டில் மரம் வருமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வெறும் சாம்பலில் மக்கும் கிடையாது, உட்பூசண வித்தும் கிடையாது. அங்கே வேர் எவ்வளவு கூப்பிட்டாலும் வர ஆள் இல்லை. டெல்லியில் பதர்பூர் அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டில், எரிசக்தி மற்றும் வளங்கள் நிறுவனத்தார் உட்பூசணம் ஏற்றிய கன்றுகளை நட்டுப் பசுமையாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நாற்றங்காலிலேயே பூசணம் ஏற்றிய கன்று கட்டாயம் வேண்டும். ஆனால் முதலில் அந்த இடம் யாருக்குச் சொந்தம், அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அங்கே விளையும் காயையும் கீரையையும் பரிசோதிக்காமல் சாப்பிட வேண்டாம்.

கடைசியாகத் திரேஸ்புரத்துச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலத்தில் இன்னும் பாதிக் கன்று உயிரோடு இருக்கிறது. இந்தக் கோடையில் அவற்றின் தூரைச் சுற்றிப் பனையோலை, சருகு போட்டு மூடி, வாரம் ஒரு குடம் தண்ணீர் கொடுங்கள். டி.ஏ.பி. வைத்திருந்தால் மீதியைக் குழுவில் யாராவது நெல் போடுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். புது விதை ஊன்றும் நாளைச் சொல்லி அனுப்புங்கள். முதல் பத்துப் பையை நானே வந்து நிரப்பிக் காட்டுகிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம். கேள்வி எழுதுகிறவர்கள் மண் வகை, நட்ட மாதம், போட்ட உரம், தெளித்த மருந்து நாலையும் மறக்காமல் எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.